வானைச் சான்றாக வைத்த கணியர்

நுழையுமுன்

நாள்காட்டியில் அமாவாசை என்று அச்சிட்டிருந்தால் அன்று அமாவாசை என்று ஏற்றுக்கொள்கிறோம். அச்சிட்டவர் அதை எவ்வாறு அறிந்தார்? அவருடைய கணக்கு பிழைபட்டால் அப்பிழையை எடுத்துக்காட்டுவது எது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினாக்களை எழுப்பி, விடையையும் வானத்திலேயே தேடியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கக் கணிதத்தையும் தொலைநோக்கியையும் ஒருங்கே கற்ற அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்றங்கரையும் அமாவாசையும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் பொருநை ஆற்றின் கரையில் அமைந்த ஊர் ஏரல். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இவ்வூர் அருணாசல சுவாமி கோவிலை நோக்கி மக்கள் பெருந்திரளாக வருவர். முன்னோரை நினைந்து பலர் ஆற்றில் நீராடுவர். அன்று வானில் நிலவு தென்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கணக்கினால் அறிந்தே அந்நாள் குறிக்கப்படுகிறது.

இதே ஆற்றின் கரையில் நவகைலாயங்கள் என்னும் ஒன்பது சிவத்தலங்கள் உள்ளன. அவற்றுள் சேரன்மகாதேவி திங்களுக்கும், குன்னத்தூர் இராகுவுக்கும், இராஜபதி கேதுவுக்கும் உரியவை என்று மக்கள் வழங்குவர். திங்களைப் பாம்பு பற்றும் உவமை திருக்குறளிலும் இடம்பெற்றுள்ளது. வழிபாட்டிலும் இலக்கியத்திலும் பாம்பாக நின்ற இராகுவும் கேதுவும், கணிதம் வல்லாருக்கு வானில் அமைந்த இரண்டு புள்ளிகள். நிலவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களையே அவர்கள் அப்பெயர்களால் குறித்தனர். நிலவே சூரியனை மறைக்கிறது என்றும், புவியின் நிழலே நிலவை மறைக்கிறது என்றும் கி.பி. 499ஆம் ஆண்டிலேயே ஆரியபடர் தம் நூலில் எழுதிவிட்டார். கணக்கறிந்தோருக்கு இவ்வுண்மை புதிதன்று. அக்கணக்கு இன்றைய வானத்தோடு ஒத்திருக்கிறதா என்பதே இரகுநாதாச்சாரியார் எழுப்பிய வினா.

பஞ்சாங்க மரபில் வந்தவர்

இரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கம் கணிக்கும் மரபுடைய குடும்பத்தில் தோன்றியவர். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளைக் கணித்துக் கூறும் கலை அவருக்குக் குலக்கல்வியாக வாய்த்தது. 1840களில் அவர் சென்னை வானாய்வகத்தில் பணிக்குச் சேர்ந்தார்.

அவ்வானாய்வகம் வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் தமக்கென அமைத்த ஆய்வகத்திலிருந்து வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதனை ஏற்று 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. கடலில் செல்லும் கப்பல்களுக்கும் நில அளவைக்கும் துல்லியமான நேரமும் இடக்கணக்கும் தேவைப்பட்டன. அத்தேவையே அந்த ஆய்வகத்தைத் தோற்றுவித்தது. அங்கு நாட்டப்பட்ட பெரிய கருங்கல் தூணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளை இன்றும் காணலாம்.

எளிய நிலையில் பணி தொடங்கிய இரகுநாதாச்சாரியார் தம் உழைப்பால் முதல் உதவியாளர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். 1861 முதல் நார்மன் போக்சன் அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்தார். விண்மீன்களின் ஒளியளவை ஒப்பிட இன்றும் பயன்படும் அளவுகோலை வகுத்தவர் அவரே. அவர் காலத்தில் நிலைநாட்டப்பட்ட உச்சிவட்டக் கருவி, வடக்கு தெற்காக மட்டுமே திரும்பக்கூடியது. ஒரு விண்மீன் நேர் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் கணித்தால் வானில் அதன் இடம் புலப்படும். இரவுதோறும் நிகழ்ந்த இப்பணியில் இரகுநாதாச்சாரியாரின் பங்கு பெரிது. 5000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைத் தரும் பட்டியல் அக்கருவியின் பயனாகப் பின்னாளில் வெளிவந்தது.

1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வானக் கூட்டத்தில் ஒரு விண்மீன் ஒளி மிகுந்தும் குறைந்தும் மாறுவதை அவர் கண்டறிந்தார். அவ்விண்மீன் இன்று ‘ஆர் ரெட்டிகுலி’ என வழங்கப்பெறுகிறது. 1872இல் இலண்டன் இராயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பகலில் பஞ்சாங்கக் கணிதம், இரவில் தொலைநோக்கி என இரண்டையும் அறிந்தவர் ஆதலால், ஒன்று மற்றொன்றோடு ஒவ்வாத இடங்கள் அவர் பார்வைக்குத் தப்பவில்லை.

நிலவின் நடை

அவர் கண்ட ஒவ்வாமையைப் புரிந்துகொள்ள, நிலவின் நடையை முதலில் அறிதல் வேண்டும்.

நிலவு புவியைச் சுற்றி ஒரு விண்மீனிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே விண்மீனை அடைய ஏறத்தாழ 27.3 நாள்கள் ஆகின்றன. அதற்குள் புவியும் சூரியனைச் சுற்றிச் சிறிது நகர்ந்துவிடுகிறது. ஆதலால் நிலவு சூரியனை மீண்டும் எட்டிப்பிடிக்க இரண்டு நாளுக்குச் சற்று மிகுதியான நேரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை ஏறத்தாழ 29.5 நாள்கள் கழிவது இதனாலேயே.

பிறை தேய்வது புவியின் நிழல் படிவதால் என்று கருதுவோர் உளர். அது பிழை. நிலவின் ஒரு பாதி எப்பொழுதும் சூரிய ஒளியில் இருக்கிறது. அந்த ஒளிப்பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறையின் அளவை முடிவு செய்கிறது. சூரியனும் நிலவும் ஒரே திசையில் நின்றால் அமாவாசை. எதிரெதிர்த் திசையில் நின்றால் பௌர்ணமி. இவ்விரண்டையும் உவா என்னும் ஒரே சொல்லால் பண்டைத் தமிழர் குறித்தனர்.

சூரியனை விட்டு நிலவு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. முழுவட்டம் 360 பாகை ஆதலால் வளர்பிறைக்கு 15, தேய்பிறைக்கு 15 எனத் திதிகள் 30 ஆயின. நிலவு சீரான வேகத்தில் செல்லுமாயின் எல்லாத் திதிகளும் ஒரே அளவினவாக இருக்கும். ஆனால் அதன் பாதை முழுவட்டம் அன்று. புவிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் செல்லும்போது தயங்கியும் அது நடக்கிறது. ஒரு நாளில் சில வேளை 12 பாகைக்கும் குறைவாகவும் சில வேளை 15 பாகைக்கு மேலும் நகர்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் அடக்குவதே பஞ்சாங்கக் கலையின் அருமை.

வாக்கியமும் வானமும்

தமிழகத்துக் கணிதர் அவ்வருமையை வியக்கத்தக்க முறையில் வென்றனர். நிலவு புவிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை எய்த ஏறத்தாழ 27.55 நாள்கள் ஆகும். இத்தகைய 9 சுற்றுகள் 248 நாள்களில் நிறைவுறும். அந்த 248 நாள்களுக்கும் நிலவின் இடத்தை எண்களாகக் கணித்து, எண்களை எழுத்துகளாக மாற்றி, 248 சிறு வாக்கியங்களாக அமைத்தனர். வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர் ஏடும் எழுதுகோலும் இன்றி நிலவின் இடத்தைக் கூறிவிடலாம். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதனால் வந்தது.

இம்முறையின் வன்மையை அயல்நாட்டாரும் பதிவு செய்துள்ளனர். சூரியனை வெள்ளி கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டில், 1769இல் மேகம் மறைத்ததால் அதனைக் காணாமல் வருந்தினார். எனினும் அங்கிருந்த காலத்தில் தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765ஆம் ஆண்டின் ஒரு சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 நொடி மட்டுமே குறைத்துக் காட்டியது. அக்காலத்தில் ஐரோப்பாவில் புகழ்பெற்ற மாயரின் அட்டவணையோ அதனை 68 நொடி மிகுத்துக் காட்டியது. சென்னை வானாய்வகத்தில் முன்னர்ப் பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரிக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவில் இருந்த வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை நேரில் கண்டார். தொடக்கம் சில நிமிடப் பிழையோடு அமைந்தது; முடிவு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிழைத்தது.

இவ்வளவு வன்மை வாய்ந்த கணக்கில் குறை எங்கே இருந்தது? நிலவின் நடையைப் புவி மட்டுமன்றிச் சூரியனின் ஈர்ப்பும் மாற்றுகிறது. பழைய கணிதர் தம் வாய்பாட்டைக் கிரகண நாள்களைக் கொண்டே சரிபார்த்தனர். கிரகணம் அமாவாசையிலோ பௌர்ணமியிலோ மட்டுமே நிகழும். ஆகவே அவ்விரு நாள்களின் அளவில் சூரியனின் ஈர்ப்பால் விளையும் மாற்றம் வாய்பாட்டுக்குள் தானே அடங்கிவிட்டது. இடைப்பட்ட நாள்களில், சிறப்பாக அரைநிலவு தோன்றும் அட்டமியை ஒட்டி, அது அடங்கவில்லை. அந்நாள்களில் வாக்கியக் கணக்கின் திதி உண்மைத் திதியிலிருந்து 5, 6 மணி நேரம்வரைகூட விலகக்கூடும். கிரகணம் சரியாக அமைந்ததைக் கண்ட மக்கள், ஏனைய நாள்களும் சரி என்றே நம்பினர். வெற்றியே குறையை மறைத்துவிட்டது.

கண்ணுக்கு ஒத்த கணிதம்

இக்குறையைக் களைய இரகுநாதாச்சாரியார் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். கப்பல்களுக்கென ஆங்கிலேயர் ஆண்டுதோறும் வெளியிட்ட வானியல் அட்டவணையைத் துணையாகக் கொண்டு, சூரியன், நிலவு, கோள்கள் ஆகியவற்றின் இடங்களைப் புதிதாகக் கணித்து அதில் தந்தார்.

திருக்கணிதம் என்பதில் உள்ள முற்பகுதி மங்கலச் சொல்லாகிய திரு அன்று. பார்வை என்னும் பொருள்படும் திருக் என்னும் வடசொல் அது. கண்ணால் கண்டு ஒத்துப்பார்த்த கணிதம் என்பதே அதன் பொருள். இப்பெயரும் புதிதன்று. கேரளத்து நிளை ஆற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரர், 1393 முதல் 1432 வரை கிரகணங்களை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கிப் பழைய கணக்கைத் திருத்தினார். 1431இல் அவர் இயற்றிய நூலின் பெயரே திருக்கணிதம். வானம் மாறுபடும்போது வாய்பாட்டைத் திருத்துவது மரபை மீறுதல் ஆகாது. மரபு காட்டிய வழியே அதுதான். இரகுநாதாச்சாரியார் அவ்வழியில் தொலைநோக்கியோடு நடந்தார்.

நிழல் தந்த சான்று

கணக்கைச் சோதிக்க வானம் தரும் தேர்வுகளுள் சூரிய கிரகணம் தலையாயது. ஒவ்வோர் அமாவாசையிலும் அது நிகழ்வதில்லை. நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் புவிக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. பாதைகள் வெட்டும் இராகு, கேதுப் புள்ளிகளின் அருகே அமாவாசை நேரும்போது மட்டும் நிழல் புவியைத் தொடுகிறது. அப்பொழுதும் முழுமறைப்பு ஒரு குறுகிய பட்டையில் நிற்பவர்க்கே தெரியும். சூரியன் நிலவைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் வானில் இரண்டும் ஒத்த அளவினவாகத் தோன்றுகின்றன. நிலவு தொலைவில் இருக்கும் நாளில் அது சூரியனை முழுதும் மூட இயலாமல், விளிம்பில் ஒளிவளையம் எஞ்சும். 2010 சனவரி 15 அன்று கன்னியாகுமரி, தூத்துக்குடி, இராமேசுவரம் ஆகிய பகுதிகளில் மக்கள் கண்டது அத்தகைய வளைய மறைப்பே.

1868 ஆகத்து 18 அன்று முழுமறைப்பின் நிழல் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் கடந்து சென்றது. போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளோடு காத்திருந்தார். நிசாம் ஆட்சிப் பகுதியாக இருந்த வனபர்த்தியில் மற்றொரு குழு அமைந்தது. அக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இரகுநாதாச்சாரியார். பிரெஞ்சு வானியலர் ஜான்சன் குண்டூரில் நின்று நோக்கினார். அன்று சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்தறிந்தோர் கண்ட மஞ்சள் கோடு, புவியில் அதுவரை அறியப்படாத ஈலியம் என்னும் தனிமத்துக்கு உரியது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1895இல்தான் அத்தனிமம் புவியிலும் கண்டறியப்பட்டது.

1871 திசம்பர் 12 அன்று மற்றொரு முழுமறைப்பு நீலகிரி, கோவைப் பகுதிகள் வழியே தமிழகத்தைக் கடந்தது. சென்னை வானாய்வகத்தார் அவிநாசியில் முகாமிட்டு அதனை ஆராய்ந்தனர். இரகுநாதாச்சாரியார் அப்பணியிலும் பங்கேற்றார். இத்தகைய நாளில் கணிதரின் கூற்று ஊரறியச் சோதிக்கப்படும். இருள் சூழும் நொடி குறித்த நொடியோடு ஒத்தால் கணக்கு வென்றது, பிந்தினால் தோற்றது. எவருடைய பெருமையும் பழமையும் அத்தீர்ப்பை மாற்றுவதில்லை. பஞ்சாங்கம் முழுமைக்கும் இதே அளவுகோல் வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் வேட்கை.

வினா விடையாக ஒரு நூல்

அறிந்ததைத் தமக்குள் வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1874 திசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தது. லெ ஜென்டில் காணத் தவறிய 1769ஆம் ஆண்டுக் காட்சிக்குப் பின் 105 ஆண்டுகள் கழித்து வந்த அரிய நிகழ்ச்சி அது. சூரியனின் தொலைவை அளக்க உலக வானியலர் அதனை எதிர்நோக்கியிருந்தனர். ஆங்கிலம் அறியாத மக்களும் பண்டிதர்களும் அதனைப் புரிந்துகொள்ளும் பொருட்டு இரகுநாதாச்சாரியார் ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது.

அந்நூலைப் பண்டிதர் ஒருவரோடு உரையாடும் வடிவில் அவர் அமைத்தார். பழைய கணக்கில் தேர்ந்தவர் ஐயம் எழுப்ப, ஆசிரியர் விடை கூறுவார். நிலவு சூரியனை மறைப்பதுபோல் வெள்ளியும் சூரியனின் முன்னே வருகிறது. ஆனால் வெகு தொலைவில் இருப்பதால் ஒரு சிறு கரும்புள்ளியாக மட்டுமே தோன்றுகிறது. தெரிந்த கிரகணத்தைக் கொண்டு தெரியாத கடப்பை விளக்கலாம். எதிரே இருப்பவரை அறியாதவர் என்று தள்ளாமல், அவர் அறிந்த இடத்திலிருந்தே தொடங்கும் இம்முறை நல்லாசிரியர்க்கு உரியது. பஞ்சாங்கக் கணிதர் புதிய முறையில் கணிக்கத் துணையாகச் சோதிட சிந்தாமணி என்னும் நூலைத் தொகுக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

எதிர்ப்பும் ஏற்பும்

திதியின் திருத்தம் வெறும் எண்ணின் திருத்தம் அன்று. நோன்பும் நீத்தார் கடனும் திருமணமும் திதியைப் பொறுத்தே அமைகின்றன. கணக்கு சில மணி நேரம் மாறினால் நோன்பு நாளே மாறக்கூடும். பாட்டனும் தந்தையும் கடைப்பிடித்த நாளை விட்டு வேறொரு நாளை ஏற்க மக்கள் தயங்கியதில் வியப்பில்லை. அயல்நாட்டு அட்டவணையைக் கொண்டு சமயச் சடங்குக்கு நாள் குறிக்கலாமா என்னும் கேள்வியும் எழுந்தது. ஊரார் பார்வையில் அவர் அயலார் கணக்கைப் பேசுபவர். வானாய்வகத்திலோ அயலாட்சியின் கீழ்ப் பணிபுரியும் உதவியாளர். இரண்டு நிலையிலும் அவர் தம் கூற்றுக்கு வானத்தையே சான்றாக நிறுத்தினார். நிலவு ஆங்கிலேயருக்கு ஒரு வழியிலும் தமிழருக்கு ஒரு வழியிலும் செல்வதில்லை அன்றோ!

1880 பிப்பிரவரி 5 அன்று இரகுநாதாச்சாரியார் மறைந்தார். அவர் எழுப்பிய வினா அவரோடு மறையவில்லை. விடுதலைக்குப் பின் இந்திய அரசு மேகநாத சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவை 1952இல் அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1957 முதல் அரசே வெளியிட்டுவரும் இராஷ்டிரீய பஞ்சாங்கம், இன்றைய வானியல் கணிப்பையே அடிப்படையாகக் கொண்டது. தமிழகத்தில் வாக்கியமும் திருக்கணிதமும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. இரண்டிலும் ஒரே திதியின் முடிவு வெவ்வேறு நேரமாக அச்சிடப்பட்டிருப்பதை எவரும் காணலாம்.

முன்னோர் வானத்தை நோக்கி வாய்பாட்டை வகுத்தனர். பின்வந்தோர் வாய்பாட்டை மட்டும் நோக்கி வானத்தை மறந்தனர். இவ்விடைவெளியை உணர்ந்து, கற்ற கணக்கைக் கையில் ஏந்தி மீண்டும் வெளியே வந்து தலைநிமிர்ந்து பார்த்தவர் இரகுநாதாச்சாரியார். அவர் கேட்ட சான்று விலையுயர்ந்த கருவி உடையவர்க்கு மட்டும் உரியதன்று. அட்டமி நாளின் அரைநிலவு எல்லா ஊர் வானிலும் எழுகிறது.

கற்பவை கற்றபின்

1. ஒரே ஆண்டின் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் ஒப்பிட்டு, ஒரு மாதத்துத் திதிகளின் முடிவு நேரங்களைப் பட்டியலிடுக. வேறுபாடு எந்நாள்களில் மிகுதியாக உள்ளது எனக் கண்டறிக.

2. அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் தொடங்கிப் பௌர்ணமிவரை, மாலையில் ஒரே நேரத்தில் நிலவு நிற்கும் இடத்தையும் அதன் வடிவையும் நாள்தோறும் வரைந்து வகுப்பில் காட்சிப்படுத்துக.

3. பிறை தேய்வதற்கும் சந்திர கிரகணத்துக்கும் உள்ள வேறுபாட்டை, பண்டிதர் ஒருவரும் மாணவர் ஒருவரும் உரையாடும் வடிவில் எழுதுக.